அப்கிரேடின்போது பழைய கான்ஃபிக் ஃபைலையே வைத்துக்கொண்டேன், பிறகு ஏன் எல்லாம் மாறியது?

மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டிருப்பது இது. உபுண்டு 18.04-இல் இருந்து 20.04, அங்கிருந்து 22.04 என்று இரண்டு கட்டமாக அப்கிரேடு செய்திருக்கிறார். நடுவில் பல இடங்களில், செட்டிங்குகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைல்களைப் பற்றி, "இந்த ஃபைலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜும் புதிய ஃபைல் கொண்டுவந்திருக்கிறது, எது வேண்டும்?" என்று கேட்டது. யாரோ சொன்னபடி எல்லாவற்றுக்கும் பழையதையே வைத்துக்கொண்டார். இப்போது ஸ்கேனரில் இருந்து ஷேர் ஃபோல்டருக்கு ஃபைல் வருவதில்லை. அலுவலகத்தின் உள் வெப் பக்கத்தில் பெரிய பிடிஎஃப் ஏற மறுக்கிறது. புதியதை எடுத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். ஆனால் அவரைக் குழப்புவது வேறு: பழைய ஃபைலையே வைத்த பிறகும் சர்வர் ஏன் பழைய மாதிரி நடக்கவில்லை? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

பாரிமுனை, ராயபுரம், மணலி பக்கம் இருக்கும் சிறிய அலுவலகங்களின் லினக்ஸ் சர்வர்களைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது, நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் அந்தக் கேள்விக்கு நீங்கள் கொடுத்த பதில் காரணம் இல்லை. ஷேர் விஷயத்தில் புதிய ஃபைலை எடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும், நீங்கள் எழுதி வைத்த ஷேர் வரிகளே போயிருக்கும். பழைய ஃபைலை வைத்துக்கொண்டால் ஃபைலில் எழுதியிருப்பது மாறாது, அவ்வளவுதான். அதில் எழுதாமல் விட்டதெல்லாம் புரோகிராமின் டீஃபால்ட்படி, அதாவது அது தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பின்படி, நடக்கும். புரோகிராம் புதிது என்றால் டீஃபால்ட்டும் புதிது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

உங்கள் ஸ்கேனரையே எடுத்துக்கொள்வோம். 18.04-இல் வந்தது சம்பா 4.7, ஃபோல்டரை நெட்வொர்க்கில் ஷேர் செய்யும் புரோகிராம். அது எஸ்எம்பி1 என்ற பழைய புரோட்டோகாலை (கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறை) டீஃபால்ட்டாகவே ஏற்றுக்கொண்டது. 2019-இல் வந்த சம்பா 4.11-இல் குறைந்தபட்சம் எஸ்எம்பி2 பேசினால்தான் உள்ளே விடுவது என்று டீஃபால்ட்டை மாற்றினார்கள். 20.04 வெளிவந்தது அந்த 4.11-உடன்தான். ஆகவே உங்கள் ஃபைலில் ஒரு எழுத்துகூட மாறாமல், முதல் கட்ட அப்கிரேடிலேயே பழைய ஸ்கேனருக்குக் கதவு மூடிவிட்டது. கொஞ்சம் வயதான ஜெராக்ஸ்-ஸ்கேனர் மெஷின்களில் பல எஸ்எம்பி1 மட்டுமே பேசும். எடைமேடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களும் அப்படித்தான்.

டீஃபால்ட் மாறியது உறுதி. உங்கள் ஸ்கேனர் நின்றதற்கு அதுதான் காரணம் என்பது, மெஷினைப் பார்க்காமல் நான் சொல்லும் வலுவான ஊகம். சோதித்துப் பார்ப்பது எளிது. ஸ்கேன் பட்டனை அழுத்திவிட்டு சம்பாவின் லாகை, அதாவது நடந்ததை அது எழுதி வைக்கும் ஃபைலை, திறந்து பாருங்கள். புரோட்டோகால் ஒத்துவரவில்லை என்ற பொருளில் வரி இருந்தால் இதேதான். பாஸ்வேர்டு தவறு என்று வந்தால் நான் சொன்னது பொருந்தாது, வேறு இடத்தில் தேட வேண்டும்.

இதுதான் காரணம் என்று தெரிந்தால், ‘சர்வர் மின் புரோட்டோகால்’ என்ற வரியில் என்டி1 (எஸ்எம்பி1-ஐக் குறிக்கும் பெயர்) என்று எழுதிப் பழைய கதவைத் திறந்துவிடலாம். ஆனால் நான் அதைக் கடைசி வழியாகத்தான் சொல்வேன். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிய வானாக்ரை பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டை சம்பாவில் இல்லை என்றாலும், புரோட்டோகாலே பாதுகாப்பு குறைந்தது. உங்கள் சர்வரில் இறக்குமதியாளர்களின் இன்வாய்ஸும் கேஒய்சி பேப்பர்களும் இருக்கும். முதலில் ஸ்கேனருக்குப் புதிய ஃபர்ம்வேர் (மெஷினுக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேனரின் மெனுவில் மெயிலுக்கோ எஃப்டிபிக்கோ அனுப்பும் வசதி பெரும்பாலும் இருக்கும், அதை அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். எதுவும் முடியாவிட்டால், வேறு எந்த ஃபைலும் இல்லாத ஒரு சின்ன கம்ப்யூட்டரில் எஸ்எம்பி1-ஐத் திறந்து, ஸ்கேன்களை அங்கே வாங்கி சர்வருக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

இரண்டாவது கோளாறு, பிடிஎஃப் ஏறாதது. உங்கள் உள் வெப் பக்கம் பிஎச்பி என்ற மொழியில் எழுதியது என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். உபுண்டுவில் பிஎச்பியின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி டைரக்டரி. 18.04-இல் 7.2, 20.04-இல் 7.4, 22.04-இல் 8.1. நீங்கள் முன்பு திருத்தியது 7.2-க்குள் இருக்கும் பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைலை. 8.1 வந்தபோது அதற்கென்று புத்தம்புது ஃபைல் வேறு இடத்தில் உட்கார்ந்தது. அங்கே நீங்கள் மாற்றியது எதுவும் இல்லை என்பதால் மோதலும் இல்லை, கேள்வியும் இல்லை. அப்லோடு அளவு பழையபடி 2 எம்பி என்ற டீஃபால்ட்டுக்குப் போய்விட்டது. ஒரே தடவையில் அனுப்பும் மொத்தத் தரவின் வரம்பான போஸ்ட் அளவின் டீஃபால்ட் 8 எம்பி, அதையும் சேர்த்து ஏற்ற வேண்டும். 7.2 டைரக்டரியை அப்கிரேடு பெரும்பாலும் அழிக்காது, உங்கள் பழைய எண்கள் அங்கேயே இருக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், பதிப்புக்கு ஒரு டைரக்டரி. அங்கே மட்டும், கிளஸ்டரை (டேட்டாபேஸ் தொகுப்பை) புதிய பதிப்புக்கு மாற்றித்தரும் கருவி செட்டிங்குகளையும் சேர்த்து எடுத்துவரும்.

சரி, இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பேக்கேஜை (புரோகிராமும் அதன் ஃபைல்களும் சேர்ந்த கட்டு) நிறுவும் கருவியான டிபிகேஜி, தான் கொடுத்த கான்ஃபிக் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எம்டி5 கைரேகையை (உள்ளே இருப்பதில் இருந்து கணக்கிடும் எண்) குறித்து வைத்துக்கொள்ளும். அப்கிரேடின்போது மூன்றை ஒப்பிடும்: முன்பு கொடுத்தது, இப்போது கொடுக்கப்போவது, டிஸ்கில் இருப்பது. நீங்கள் தொடாத ஃபைல் என்றால் பேசாமல் புதியதை வைத்துவிடும். நீங்கள் தொட்டிருந்து, பேக்கேஜ்காரர் (பேக்கேஜைத் தயாரிப்பவர்) எதையும் மாற்றவில்லை என்றால் உங்களுடையதை அப்படியே விட்டுவிடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டும்தான் கேட்கும். என்டர் மட்டும் தட்டினால் பழையதே நிற்கும், புதியது பெயரின் கடைசியில் டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் கிடக்கும். புதியதை எடுத்தால் உங்களுடையது டிபிகேஜி-ஓல்டு என்ற வாலோடு இருக்கும். எதைத் தேர்ந்தாலும் மற்றொன்று தொலைவதில்லை, அந்த நேரத்தில் பதற்றப்படத் தேவையில்லை.

சம்பா, எஸ்எஸ்ஹெச் சர்வர் (தொலைவில் இருந்து சர்வருக்குள் நுழைய உதவுவது), பிஎச்பி போன்ற சிலவற்றின் முக்கிய ஃபைல்களை யுசிஎஃப் என்ற இன்னொரு கருவி கவனிக்கிறது. கலர் பெட்டியாக மெனு வருவது அதனுடையது. அதன் வால்கள் யுசிஎஃப்-டிஸ்ட், யுசிஎஃப்-ஓல்டு. அப்கிரேடு முடிந்ததும் கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும் இடிசி டைரக்டரி முழுக்க இந்த நான்கு வால்களையும் ஃபைண்ட் கமாண்ட் போட்டுத் தேடுங்கள். உங்கள் சர்வரில் இப்போதே ஒரு கொத்து கிடைக்கும். நீங்கள் இன்னும் ஒப்பிட்டுப் பார்க்காத ஃபைல்கள் அவை.

ஒப்பிடுவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கேள்வி வரும்போது டி அழுத்தினால் வித்தியாசம் காட்டும். அது உங்கள் ஃபைலுக்கும் புதிய ஃபைலுக்கும் இடையே உள்ள வித்தியாசம். அதில் எந்த வரி நீங்கள் மாற்றியது, எந்த வரி பேக்கேஜ்காரர் மாற்றியது என்று தெரியாது. இரண்டும் கலந்து நூறு வரி ஓடும், பார்க்கிறவர் சலித்துப்போய் ஏதோ ஒன்றை அழுத்திவிடுவார். பிரித்துப் பார்க்க மூன்றாவதாக ஒரு ஃபைல் வேண்டும்: பழைய பேக்கேஜ் முதலில் கொடுத்த, யாரும் கைவைக்காத அசல். டிபிகேஜியிடம் அதன் கைரேகை மட்டுமே இருக்கிறது, ஃபைல் இல்லை. அதனால் அப்கிரேடுக்கு முன்பே அந்த அசலை நாம் எடுத்து வைக்க வேண்டும். யுசிஎஃப் கவனிக்கும் ஃபைல்களின் அசல், யுஎஸ்ஆர் டைரக்டரிக்குள் ஷேர் என்ற இடத்தில் பேக்கேஜின் பெயரிலேயே பெரும்பாலும் இருக்கும். சம்பாவுக்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சுக்கும் அங்கேதான். மற்றவற்றுக்குப் பழைய டெப் ஃபைலை (பேக்கேஜ் இருக்கும் ஃபைல்) இறக்கி, நிறுவாமல் தனி ஃபோல்டரில் பிரித்தால் போதும். மூன்றும் கையில் இருந்தால் டிஃப்3 கமாண்ட், அல்லது மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டின் மெர்ஜ்-ஃபைல், மோதாத வரிகளைத் தானே இணைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே இடத்தில் கைவைத்த வரிகளை மட்டும் உங்களிடம் காட்டும். ஒரு பெரிய ஃபைலிலும் அது நாலைந்து இடத்துக்கு மேல் போவது அபூர்வம்.

எந்த ஃபைல்களை நாம் தொட்டிருக்கிறோம் என்பதே மறந்திருக்கும், ஏனென்றால் பல அலுவலகங்களில் சர்வரை அமைத்தவர் ஒருவர், பார்த்துக்கொள்பவர் வேறொருவர். டெப்சம்ஸ் என்ற கருவி மாறிய கான்ஃபிக் ஃபைல்களைப் பட்டியல் போட்டுத் தரும். யுசிஎஃப் ஃபைல்கள் அந்தப் பட்டியலில் வராது. அவற்றின் கைரேகைகள் வார்-லிப்-யுசிஎஃப் டைரக்டரியில் ஹாஷ்ஃபைல் என்ற பெயரில் இருக்கின்றன, அதை எம்டி5சம் கமாண்டிடம் கொடுத்துச் சரிபார்க்கலாம். இதையெல்லாம் தொடர்ந்து செய்ய மனமில்லை என்றால் இட்ஸிகீப்பர் என்ற பேக்கேஜைப் போட்டுவிடுங்கள். இடிசி முழுவதையும் கிட்டில் வைத்து, பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஏபிடி ஓடும் முன்னும் பின்னும் தானே கமிட் (பதிவு) செய்துவிடும். அந்தக் கிட்டில் பாஸ்வேர்டு ஹாஷ்களும் பிரைவேட் கீகளும் சேர்ந்துதான் இருக்கும். தயவுசெய்து அதை வெளியே எந்த கிட் தளத்துக்கும் ஏற்றாதீர்கள்.

ஆனால் நான் முதலில் சொன்ன டீஃபால்ட் மாற்றங்களை இவை எதுவும் பிடிக்காது. ஃபைலில் இல்லாததை ஃபைல்களை ஒப்பிட்டு எப்படிக் கண்டுபிடிப்பது? புரோகிராமிடமே கேட்க வேண்டும். சம்பாவின் டெஸ்ட்பார்ம் கமாண்டை ‘வி’ ஆப்ஷனோடு ஓட்டினால், ஃபைலில் எழுதியதும் எழுதாததும் சேர்த்து இப்போது நடைமுறையில் இருக்கும் ஒவ்வொரு செட்டிங்கையும் கொட்டும். எஸ்எஸ்ஹெச் சர்வருக்குப் பெரிய எழுத்து ‘டி’ ஆப்ஷன். மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸுக்கு போஸ்ட்கான்ஃப். டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லுக்கு ‘ஷோ வேரியபிள்ஸ்’. அப்கிரேடுக்கு முன் இவற்றை ஆளுக்கொரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்துவிட்டு, பின்னால் மறுபடியும் எடுத்து ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதை நான் எந்த அப்கிரேடிலும் விடுவதில்லை. நீங்கள் முன்பே இதைச் செய்திருந்தால், புரோட்டோகால் வரி இரண்டு ஃபைலில் இரண்டு மாதிரி இருப்பது கண்ணில் பட்டிருக்கும். எல்லாப் புரோகிராமும் இப்படிச் சொல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் தன் ஃபைல்களை வரிசையாகக் காட்டுமே தவிர டீஃபால்ட்களைக் காட்டாது. அங்கே ரிலீஸ் நோட்ஸைப் படிப்பதைத் தவிர வழியில்லை.

ஒப்பிடும்போது எளிதில் கண்ணில் படாமல் போகும் மாற்றமும் உண்டு. 22.04-இல் இருக்கும் எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.9. அதற்கு முந்தைய 8.8-லேயே, 2021-இல், எஸ்ஹெச்ஏ-1 சார்ந்த பழைய ஆர்எஸ்ஏ கையெழுத்தை (கீயை வைத்து ஆளை உறுதிசெய்யும் முறை) டீஃபால்ட்டில் நிறுத்திவிட்டார்கள். உங்கள் சர்வருக்கு யார்டில் இருந்தோ வேறு கிளையில் இருந்தோ எஸ்எஸ்ஹெச் மூலம் ஃபைல் அனுப்பும் பழைய எஸ்எஃப்டிபி கிளையன்ட் வழியாக ஃபைல் வருகிறது என்றால் அதையும் ஒரு முறை சோதியுங்கள். கீயை மாற்றத் தேவையில்லை, பல நேரங்களில் கிளையன்ட்டைப் புதுப்பித்தாலே சரியாகிவிடும்.

பழையதையே வைப்பது தப்பாகும் இடங்களும் உண்டு. புரோகிராமின் பெரிய பதிப்பே மாறி, பழைய வரிகளை அது ஏற்காமல் போகும்போது அந்த சர்வீஸ் எழவே எழாது. 18.04-இல் மைஎஸ்க்யூஎல் 5.7, 20.04-இல் 8.0. குவெரி கேஷ் என்ற வசதியை 8.0-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள், ஃபைலில் அதன் அளவைச் சொல்லும் வரி இருந்தால் சர்வர் நின்றுவிடும். டெபியன் 13-க்குப் போகிறவர்களுக்கு மெயில் சர்வரான டவ்காட் 2.4 காத்திருக்கிறது. 2.3-க்கு எழுதிய ஃபைல் அதில் ஓடாது, உட்கார்ந்து மாற்றித்தான் எழுத வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் நான் புதிய ஃபைலை எடுத்துக்கொண்டு, என் மாற்றங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் எழுதுவேன்.

இதற்கு நேர் எதிர், எஸ்எஸ்ஹெச் சர்வரின் ஃபைல். சர்வர் கைக்கெட்டாத டேட்டா சென்டரில் இருந்தால் அதற்குப் பார்க்காமல் புதியதை எடுக்கவே எடுக்காதீர்கள். ரூட் பாஸ்வேர்டால் நுழையும்படி யாரோ அமைத்து வைத்திருப்பார்கள், பேக்கேஜின் டீஃபால்ட் அதை அனுமதிக்காது, நீங்கள் வெளியே நிற்பீர்கள். எதைத் தேர்ந்தாலும் ரீஸ்டார்ட்டுக்கு முன் சின்ன எழுத்து ‘டி’ ஆப்ஷனால் ஃபைலைச் சோதித்து, இன்னொரு செஷனைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் செஷன் ரீஸ்டார்ட்டில் அறுந்துபோகாது. எஸ்எஸ்ஹெச் வழியாக உபுண்டுவின் பதிப்பை மாற்றும்போது, அந்தக் கருவியே 1022-ஆம் போர்ட்டில் கூடுதலாக ஒரு எஸ்எஸ்ஹெச் சர்வரைத் திறக்கும். ஃபயர்வாலில் அந்த போர்ட் மூடியிருந்தால் அதனால் பயன் இல்லை.

இனிமேல் இந்தக் கேள்விகளே குறைய வேண்டும் என்றால், பேக்கேஜ் கொடுத்த ஃபைலைத் தொடாமல் உங்கள் வரிகளைத் தனி ஃபைலில் போடுங்கள். பிஎச்பியின் கான்ஃப்.டி டைரக்டரியில் 99 என்று தொடங்கும் ஃபைல் ஒன்று போதும். அடுத்த பதிப்புக்கு அதை மட்டும் நகலெடுத்துக்கொள்ளலாம். மூல ஃபைல் அசலாகவே இருப்பதால் டிபிகேஜி கேட்காமலேயே புதுப்பித்துவிடும். இதில் ஒரு கவனம் வேண்டும். பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி ஆகியவற்றில் கடைசியாகப் படிக்கும் மதிப்பு ஜெயிக்கும். எஸ்எஸ்ஹெச்சில் முதலில் படிப்பது ஜெயிக்கும். ஆகவே அங்கே 99 போட்டால், கிளவுட் கம்பெனி 50 என்று வைத்திருக்கும் ஃபைல் உங்களை முந்திவிடும். ரூட் உரிமையோடு கமாண்ட் ஓட்டவிடும் சூடோ விஷயத்தில், பெயரில் புள்ளி இருக்கும் ஃபைலை அது படிக்கவே படிக்காது.

ராக்கி, அல்மா போன்ற ரெட் ஹேட் வகை லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. அங்கே பேக்கேஜ் நிறுவும் ஆர்பிஎம் எதையும் கேட்காது. பேக்கேஜ்காரர் குறித்து வைத்தபடி, உங்கள் ஃபைலை விட்டுவிட்டு ஆர்பிஎம்நியூ என்று பக்கத்தில் வைக்கும், அல்லது உங்களுடையதை ஆர்பிஎம்சேவ் என்று ஒதுக்கிவிட்டுப் புதியதை வைக்கும். அங்கே வால்களைத் தேடுவது இன்னும் அவசியம்.

உங்களுக்கு இப்போதைக்கு என் யோசனை: மாதக் கடைசியும் கப்பல் வரும் நாளும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இதற்கு உட்காருங்கள். முதலில் இடிசி முழுவதையும் பர்மிஷனோடு சேர்த்து ஒரு டார் ஃபைலாக எடுத்துச் சர்வருக்கு வெளியே வையுங்கள். பிஎச்பி எண்களைச் சரிசெய்யுங்கள், அது பத்து நிமிடத்தில் முடியும். ஸ்கேனரை லாகோடு சோதியுங்கள். அப்புறம் வால் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், எஸ்எஸ்ஹெச்சையும் சம்பாவையும் முதலில். பார்த்து முடித்ததை அழித்துவிடுங்கள், அப்போதுதான் அடுத்த முறை தேடும்போது புதியது மட்டும் கண்ணில் படும்.

கூடவே ஆட்டோமேட்டிக் செக்யூரிட்டி அப்டேட்டின் லாகையும் திறந்து பாருங்கள். கான்ஃபிக் ஃபைலைப் பற்றிக் கேள்வி வரக்கூடிய பேக்கேஜை அது தானாக நிறுவாமல் ஒதுக்கிவிடும், நீங்கள் கையால் செய்ய வேண்டும் என்று லாகில் மட்டும் ஒரு வரி எழுதும். அப்படி மாதக்கணக்கில் பேட்ச் இல்லாமல் நின்ற சர்வர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே எந்தப் பேக்கேஜ் பெயராவது இருந்தால், சம்பா லாகில் கிடைத்த வரியோடும் ஸ்கேனரின் மாடலோடும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பாஸ்வேர்டும் வெளி ஐபி முகவரியும் அதில் இல்லாதபடி எடுத்துவிட்டு அனுப்புங்கள்.